கோல்பி ரைசிக்கின் கணக்கில் வராத வருடம்

எங்கள் கல்லூரி மைதானத்துக்கு முதல் தடவை வரும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எங்கள் தடுப்பு அணி முதல் பந்துக்குக் குனியும்போது கேலரியில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து "பதினொண்ணு!" என்று கத்துவது எதற்காக? எதிரணியைக் கிண்டல் செய்கிறீர்களா, இல்லை ஏதாவது வேண்டுதலா?

பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, "சும்மா, எங்க ஊர்ப் பழக்கம்" என்பார். சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டுமென்றால் கோல்பி ரைசிக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவனுக்கு முன்னால் குனிந்து நின்று ஆடியவன் நான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், சர்க்கரை ஆலையின் வாடை இலையுதிர் காலம் முழுக்க துணியில் ஒட்டிக்கொள்ளும் ஊர் எங்களுடையது. ரைசிக்கின் அப்பா சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டை வயலிலிருந்து ஆலைக்கு லாரியில் ஓட்டுகிறவர். அம்மா வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வெள்ளிக்கிழமை மதியம் அவர் போடும் மிளகாய் பீன்ஸ் குழம்பும் லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் சாப்பிடாமல் அந்த வட்டாரத்தில் யாரும் வளர்ந்ததில்லை. அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் கோல்பி. எங்கள் வீட்டில் நான். எங்களைப் போன்றவர்களுக்கு ஃபுட்பால்தான் கல்லூரிக் கட்டணம். ஆடும் வரை படிப்பு உண்டு, ஆட்டம் நின்றால் படிப்பும் நிற்கும்.

ஆட்டம் இதுதான், காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. ஒவ்வொரு பந்துக்கும் பதினொருவரும் பதினொருவரும் எதிரெதிரே நிற்க, பந்தை வாங்கியவன் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவான், நாங்கள் அவனைச் சாய்க்க வேண்டும். நான் முன்வரிசையில் கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பேன். எனக்கு நேர் பின்னால், நடுவில், நாற்பத்துநான்காம் எண் சட்டையில் ரைசிக். பந்து கிளம்புவதற்குச் சற்று முன் என் முதுகின் கீழ்ப்பக்கம் அவன் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். இருக்கிறேன் என்று அர்த்தம். குனிந்திருப்பவன் திரும்பிப் பார்க்க முடியாது. அந்த இரண்டு தட்டை நம்பித்தான் நான் முன்னால் பாய்வேன்.

அவனுடைய நான்காம் வருடம், பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில், யாரும் தொடாமலே விழுந்தான். ஓடி வந்தவனைப் பிடிக்கத் திரும்பியபோது கால் புல்லில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் எனக்கே கேட்டது. முழங்கால் ஜவ்வு.

இரண்டு நாள் கழித்து, கோச் ஸ்ட்ராண்டின் அறையில், காலை இன்னொரு நாற்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனவன் என்ற முறையில் நானும் இருந்தேன். அணியின் காயங்களைக் கவனிக்கும் மரிசோல் ஒரோஸ்கோ சுவரில் சாய்ந்து நின்றாள்.

"மகனே, இந்த வருஷத்தை மறந்துடு. நடக்கவே இல்லைன்னு வச்சுக்கோ," என்றார் கோச்.

"நடக்காத வருஷத்துல கால் எப்படி கோச் வலிக்குது?"

"கால்தான் கிழிஞ்சுது, வாய் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மரிசோல்.

விதியைக் கோச் விளக்கினார். ஒருவன் மொத்தம் நான்கு வருடம்தான் ஆடலாம். பருவத்தின் முதல் பாதிக்குள் அடிபட்டு, மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடாதவனுக்கு அந்த வருடத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அடுத்த வருடம் புதிதாக ஒன்று தருவார்கள். ரைசிக்கின் படிப்பில் ஒரு வருடம் பாக்கி இருந்தது. அவன் பள்ளிக்கூடத்தில் விவசாய ஆசிரியர் ஆக வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்தவன். திருப்பித் தரும் அந்த வருடம் கிடைத்தால் ஆட்டமும் உண்டு, பட்டமும் உண்டு. கிடைக்காவிட்டால் அப்பாவோடு லாரி.

"ஆனா ஒண்ணு," என்றார் கோச். "இனிமே இந்தப் பருவம் முடியற வரைக்கும் ஒரே ஒரு பந்துக்கு நீ உள்ள கால் வச்சாலும் போச்சு. ஒரு பந்து. புரியுதா?"

"நொண்டிக்கிட்டு எங்க கோச் உள்ள வரப்போறேன்?"

"ஹப்பர்ட்டும் இப்படித்தான் சொன்னான்."

ஹப்பர்ட் எங்கள் காலத்துக்கு முந்தியவன். தோள் இறங்கிப்போய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன், ஆட்டத்தின் சூட்டில் "ஆள் குறையுது, ஓடு!" என்று யாரோ கத்தியதும், கையிலிருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தன்னையறியாமல் உள்ளே ஓடிவிட்டான். ஒரு பந்து நின்றான். பந்து அவன் பக்கமே வரவில்லை. வருடம் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் அணியில் ஒரு வழக்கம். கணக்கில் வராதவனின் ஹெல்மெட்டை ஆட்டத்தன்று மரிசோல் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். ஆட்டம் முடியும்வரை அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெயரைக் கேட்டால் கால் தானாக உள்ளே ஓடிவிடுமாம். தண்ணீர் கொடுக்கிறவர்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். 'ஆவி' என்பதுதான் அவனுக்குப் பெயர்.

"டேய், அந்த நாற்காலியில யாராவது உக்காந்திருக்காங்களா?"

"இல்லடா, ஆவிதான். மேலேயே உக்காரு, பரவாயில்ல."

"உக்காந்து பாருடா, ஊன்றுகோல் எங்க போகும்னு தெரியும்," என்பான் ரைசிக்.

யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். அதுதான் விளையாட்டு. முதல் இரண்டு வாரம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மூன்றாவது வாரம் வெளியூர் ஆட்டம். நான் குனிந்திருந்தேன். ரைசிக்கின் இடத்தில் நின்றவன் முதல் வருடப் பையன், நெல்ஸ் ஆம்க்விஸ்ட். பயந்த சுபாவம், யாரையும் தொட்டுப் பேச மாட்டான். பந்து கிளம்பப் போகும் நேரம், என் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

பாய்ந்தேன். ஓடி வந்தவன் கீழே கிடந்தான். எழுந்து திரும்பினால் நெல்ஸ் ரொம்பத் தூரத்தில், தவறான பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"நீயாடா தட்டின?" என்றேன்.

"நான் எதுக்கு உன்னைத் தட்டப் போறேன்?" என்றான் அவன், திட்டு வாங்கியவன்போல.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது எதிரணியின் ஓட்டக்காரன், கழுத்தைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான்: "உங்க நாப்பத்திநாலு என்ன தின்னு வளந்தான்பா? இடிக்கிறானா, சுவரைத் தள்ளி விடுறானா?" நான் ஓரத்தைப் பார்த்தேன். ரைசிக் பெஞ்சின் கோடியில், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, சாதாரண சட்டையில் உட்கார்ந்திருந்தான். முகம் வேர்த்திருந்தது. அன்று குளிர்.

திரும்பும்போது நெடுஞ்சாலை ஓரம் பெட்ரோல் போட பஸ்ஸை நிறுத்தினார்கள். கிளம்புவதற்கு முன் கோச் வழக்கம்போல இருக்கைகளுக்கு நடுவே நடந்து தலை எண்ணினார். சரியாக இருந்தது. வண்டி கிளம்பியது. அரைமணி நேரம் போன பிறகுதான் பின்னிருக்கையில் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோல் சரிந்து விழ, ரைசிக் இல்லை என்று தெரிந்தது. வண்டியைத் திருப்பினோம். கழிவறைக் கதவுப் பக்கம் அதே இடத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்கடா. எண்ணினேனே, சரியாத்தானே இருந்துச்சு!" என்றார் கோச். அவர் குரலே சரியில்லை.

ரைசிக் கோபப்படவில்லை. படி ஏறிக்கொண்டே, "எண்ணிக்கை சரியா இருந்துச்சா கோச்? அப்ப என் இடத்துல யாரு உக்காந்திருந்தா?" என்று கேட்டான். வண்டியில் ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அதன் பிறகு ஆவி என்று கூப்பிடுவது தானாகக் குறைந்தது. ஆனால் யாரும் அவனைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. எப்படி மறுபடி தொடங்குவது என்று தெரியாததுபோல் இருந்தது.

விடுதியில் என் பக்கத்து அறை அவனுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிடப் போகலாம் என்று கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அடிபட்ட காலின் காலுறையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தான். தரையில் கறுப்பாகக் குருணை கொட்டியது. எங்கள் மைதானத்தின் பிளாஸ்டிக் புல்லுக்கு நடுவே கொட்டி வைத்திருக்கும் ரப்பர் குருணை. ஆடி விட்டு வருகிற எல்லாருடைய காலுறையிலும் இருக்கும். ஆடினால்தான் இருக்கும்.

"பழைய காலுறையா?" என்றேன்.

"நேத்துதான் அம்மா துவச்சு அனுப்பினது."

"ஓரத்துல நடந்திருப்ப."

"இந்தக் கால் இன்னும் தரையில படவே இல்லடா," என்றான். பிறகு மெதுவாக, "ஆட்டம் நடக்கும்போது எனக்குப் பெஞ்ச் தெரியல. பந்து தெரியுது. நீ குனிஞ்சிருக்கறது தெரியுது. உன் சட்டை பின்னால கிழிஞ்சிருக்கே, தச்சுக்கோ," என்றான்.

சட்டை கிழிந்திருந்தது உண்மை. பெஞ்சின் கோடியிலிருந்து அது தெரியாது.

"யார்கிட்டயும் சொல்லாதே. நான் உள்ள போறேன்னு ஒரு பேச்சு வந்தாலே என் வருஷம் போயிடும்."

சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்பது வேறு விஷயம்.

இனி எல்லாரும் சேர்ந்து செய்த தப்பு. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை, அதுதான் இதில் பெரிய கொடுமை.

எங்கள் பக்கத்தில் ஒரு அணி தன் ஆளை இழந்தால், அடுத்த ஆட்டத்தின் முதல் பந்துக்குப் பத்துப் பேரோடு நிற்கும். போனவனின் இடம் காலியாக இருக்கும். கேலரி எழுந்து நிற்கும். நான் சேர்ந்த வருடம் எங்கள் அணியின் ஓடிஸ் க்ரால் தானியக் கிடங்கில் தானியத்துக்குள் புதைந்து இறந்தபோது அப்படி நின்றோம். அவனுடைய அப்பா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் கேப்டன் டட்டில் உடைமாற்றும் அறையில் எழுந்து சொன்னான்: "ரைசிக் இந்த வருஷம் முழுக்க நமக்காக உக்காந்தே இருந்தான். முதல் பந்து அவனுக்கு. பத்துப் பேரா நிப்போம், அவன் இடத்தைக் காலியா விடுவோம்." எல்லாரும் கை தட்டினோம். நெல்ஸ் ரொம்ப நிம்மதியாகக் கை தட்டினான். கோச்சுக்குக் கண் கலங்கிவிட்டது.

மரிசோல் மட்டும், "உயிரோட இருக்கறவனுக்கு யாராவது இதைச் செய்வாங்களா?" என்றாள்.

"மரியாதைதானே மரி," என்றார் கோச்.

"எங்க அம்மா இதைக் கேட்டிருந்தா, பீடை போகட்டும்னு உங்களையெல்லாம் உப்புத் தண்ணியில கழுவியிருப்பா."

ரைசிக்கிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மதிய ஆட்டம். நல்ல வெயில், காற்றில் ஆலை வாடை. எதிரில் மலைப்பக்கத்து அணி, சிவப்பு ஹெல்மெட். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் டுவேன் பெக், ஊரில் முடி வெட்டுகிறவர். "இந்த முதல் பந்து, நம்ம கோல்பி ரைசிக்குக்காக," என்று அறிவித்ததும் கேலரி எழுந்தது. நாங்கள் பத்துப் பேர் இடம் பிடித்தோம்.

அப்போதுதான் கேலரியிலிருந்து அந்தக் குரல் வந்தது. வெர்லீன். அந்தக் கூட்டத்துக்கும் மேலே கேட்டது.

"என்னடா பண்றீங்க? அது செத்தவங்களுக்குச் செய்யறதுடா! என் புள்ள அங்க உக்காந்திருக்கான்டா!"

நான் குனிந்துவிட்டிருந்தேன். என் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. இந்த முறை பலமாக.

பந்து கிளம்பியது. அவர்களுடைய ஓட்டக்காரன், காளை மாடு மாதிரி ஒருவன், காலியாக இருந்த நடுவுக்கு நேராக வந்தான். என்னைத் தாண்டினான். பிறகு சத்தம். இரண்டு ஹெல்மெட் முட்டினால் வருமே, அந்தச் சத்தம். அவன் வந்த வழியிலேயே பின்பக்கமாக மல்லாந்து விழுந்தான். பந்து தனியாக உருண்டது.

டுவேன் பெக் பதினைந்து வருடமாக அதே வேலையைச் செய்கிறவர். வாய் பழக்கம். ஒலிபெருக்கி எங்கும் எதிரொலித்தது: "தடுத்துச் சாய்த்தவர்... நம்பர் நாற்பத்துநாலு, கோல்பி ரைசிக்!"

விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து, எங்கள் பத்து முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். "யாருடா அது?" என்றான்.

ஓரத்தில் ரைசிக் பெஞ்சிலிருந்து நழுவித் தரையில் கிடந்தான். மரிசோல் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். மயக்கம், காலையில் சாப்பிடவில்லை என்றார்கள். ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் அவன் சட்டையைக் கழற்ற நான் உதவினேன். வலது தோளில் கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. அதன் நடுவில் கீறல் கீறலாகச் சிவப்புப் பெயின்ட். ஈரத் துண்டால் துடைத்தேன். துண்டும் சிவந்தது.

டுவேனின் வாயிலிருந்து வந்தது அப்படியே ஆட்டக் குறிப்பில் ஏறி, வருடத்தைத் தீர்மானிக்கும் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கும் போய்விட்டது. டுவேன் மறுநாளே கோச்சின் வீட்டு வாசலில் நின்று அழுதார். அழுது என்ன? அடிபட்டதாகச் சொல்லி வருடம் கேட்கும் ஒருவன், பருவக் கடைசியில் ஓர் ஆளைச் சாய்த்திருப்பதாகக் குறிப்பு சொல்கிறது. விளக்கம் வேண்டும் என்றார்கள்.

கல்லூரி அலுவலகத்தில் மேஜை நடுவில் தொலைபேசியை வைத்து, அந்தப் பக்கம் சங்கத்துப் பெண்மணி ஒருவர். குரல் இனிமையானது, அவசரமே இல்லாதது. ஆட்டத்தின் வீடியோவை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.

"பத்துப் பேர்தான் தெரியறாங்க. பையன் வழுக்கி விழுந்திருக்கான், அவ்வளவுதான். இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கே. முன்வரிசைத் தம்பி இருக்கீங்களா? உங்களுக்குப் பின்னால யாராவது நின்னாங்களா?"

"நான் குனிஞ்சிருந்தேங்க. திரும்பிப் பார்க்கல," என்றேன். அது பொய்யில்லை.

"சரி. மிஸ்டர் ரைசிக், நீங்க சொல்லுங்க. அந்தப் பந்துக்கு நீங்க களத்துல இருந்தீங்களா?"

ரைசிக் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வெர்லீன், சமையலறை ஏப்ரனைக் கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

"மிஸ்டர் ரைசிக்?"

"இல்லை."

"அந்த நாற்பத்துநாலு நீங்க இல்லை. அப்படித்தானே? வாயால சொல்லணும், பதிவாகுது."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மேஜையைப் பார்த்துச் சொன்னான். "அது நான் இல்லை."

ஜன்னல் மூடியிருந்தது. ஆனாலும் ஒரு காற்று அறையைக் கடந்து வெளியே போனதுபோல் எனக்கு இருந்தது. வெர்லீனும் கையைத் தேய்த்துக்கொண்டார்.

வருடம் கிடைத்தது. கோச் எல்லாருக்கும் கறியும் முட்டைக்கோஸும் அடைத்த பன் வாங்கிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை, வெளியூரில் கடைசி ஆட்டம். குனிந்திருந்தேன். தட்டு விழவில்லை. ஒரு பந்துக்கும் விழவில்லை.

குளிர்காலமும் வசந்தமும் போயின. ரைசிக் முழங்காலைத் தேற்றிக்கொண்டான். மரிசோல் அவனைப் பிழிந்தெடுத்தாள். ஓடினான், குதித்தான், கோடையில் அப்பாவுக்காக மூட்டை தூக்கினான். டாக்டர் பார்த்துவிட்டு, பழையதைவிட இந்தக் கால் உறுதி என்றார். பயிற்சியில் ஒரு குறையும் இல்லை. அவனிடம் பேசும்போது மட்டும் சில நேரம் கண் நழுவும். கடையில் வரிசையில் நின்றால் அவனைத் தாண்டி அடுத்தவனிடம், "உனக்கு என்னப்பா?" என்பார்கள். "ஏய், நான் முன்னாடி நிக்கிறேன்!" என்று சிரித்துக்கொண்டு சொல்வான். அந்தச் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

இலையுதிர் காலம், முதல் ஆட்டம், வெளியூர். அவனுக்குத் திருப்பிக் கொடுத்த வருடத்தின் முதல் பந்து. நாங்கள் இடம் பிடித்தோம். நான் குனியும் முன் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். ரைசிக் நின்றுகொண்டிருந்தான், நாற்பத்துநாலு, கையை உரசிக்கொண்டு.

ஓரத்திலிருந்து கோச்சின் கத்தல். "பத்து! பத்துப் பேர்தான்டா இருக்கீங்க! எவன்டா வரல?"

"பதினொண்ணு கோச்!" என்று டட்டில் கத்தினான். பிறகு அவனே திரும்பி விரல் நீட்டி எண்ணினான். அவன் முகம் மாறியது. "பத்துதான்..." என்றான்.

ரைசிக் கையை உயர்த்தினான். "நான் இருக்கேன். டேய், நான் இருக்கேன்டா!"

கோச் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். எல்லாரையும் கூப்பிட்டு, ஒவ்வொருவர் நெஞ்சிலும் கை வைத்து எண்ணினார். ரைசிக்கின் நெஞ்சில் கை வைத்தபோது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதுபோல் திடுக்கிட்டார். "இருக்கியா... சரி, போ," என்றார்.

போய் நின்றோம். எனக்குத் தட்டு விழவில்லை. ஓட்டக்காரன் நடுவில் வந்தான். ஆள் நிற்கும் இடத்தில் எவனாக இருந்தாலும் சற்று ஒதுங்குவான், தோளைச் சாய்ப்பான். இவன் எதுவும் செய்யவில்லை. திறந்த கதவுக்குள் போவதுபோல் ரைசிக் நின்ற இடத்துக்குள் நேராக வந்து, கோடி வரை ஓடிவிட்டான். ரைசிக் கைகளை விரித்தபடி நின்றிருந்தான்.

"தட்டுடா என்னை! ஏன் தட்ட மாட்டேங்கற?" என்றேன்.

"ஒவ்வொரு தடவையும் தட்டறேன்டா," என்றான்.

அன்று அப்படியே தோற்றோம். ஞாயிற்றுக்கிழமை அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். "அன்னிக்கு ஆமான்னு சொல்லியிருந்தா வருஷம் போயிருக்கும். இல்லைன்னு சொன்னேன், வருஷம் வந்துச்சு. நான்தான் வரல," என்றான். அடுத்த வாரம் கோச் தன் இடத்தில் நெல்ஸைப் போடப் போகிறார் என்றான். ஆடாதவனுக்கு உதவித்தொகை எத்தனை நாள் வரும் என்று இருவருக்கும் தெரியும். சரியாகவே நடக்கும் காலை வைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே போனான்.

வெர்லீனிடம் நான்தான் போய்ச் சொன்னேன். பள்ளிக்கூடச் சமையலறைப் பின்வாசலில், பட்டை ரோலுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாவில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"மடப்பசங்களா. உயிரோட இருக்கறவனைக் கணக்குல விட்டுட்டு நின்னீங்க இல்ல? எண்ணி உள்ள விடுங்கடா இப்ப."

"கோச் எண்ணினாருங்க. வரலை."

"அந்த ஆளு என்ன எண்ணுவான்? பெத்தவ எண்ணறேன். கோச்சுகிட்ட போயி, முதல் பந்துக்கு என் புள்ளையைப் போடலேன்னா அவன் புள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல இனிமே ரோல் கிடையாதுன்னு சொல்லு."

அந்தச் சனிக்கிழமை உள்ளூர் ஆட்டம். ரைசிக் உள்ளே வந்தான். கோச் மறுபடி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு விரல் நீட்ட ஆரம்பித்தார். கேலரியின் கீழ்ப்படியில் வெர்லீன் எழுந்து நின்றார். சாமான் கழுவுகிறவர்களை வரிசையில் நிறுத்தும் அதே குரலில் எண்ணத் தொடங்கினார்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!" ஒவ்வொரு எண்ணுக்கும் எங்களில் ஒருவனை விரலால் குத்திக் காட்டினார். முதலில் சிரித்தார்கள். "யம்மா, உக்காரு, மறைக்குது," என்றான் ஒருவன். ஐந்து ஆறு வருவதற்குள் சிரிப்பு நின்றது. மேலே ஒலிபெருக்கியில் டுவேன் பெக் சேர்ந்துகொண்டார். ஏழு, எட்டு என்று கேலரி முழுக்க எழுந்தது. நான் கையை ஊன்றிக் குனிந்தேன். ஒன்பது. பத்து.

பத்துக்கு அப்புறம் ஒரு இடைவெளி. வெர்லீனின் விரல் எனக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைத் தேடுவதை, குனிந்தபடியே அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பெற்றவருக்கே அந்தக் கணம் தெரியவில்லை. கண்ணை இறுக மூடினார். மூடிக்கொண்டே விரலை நீட்டினார்.

"கோல்பி!" என்றார். "பதினொண்ணு!"

"பதினொண்ணு!" என்றது ஊர்.

என் முதுகில் தட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு. சற்றுப் பொறுத்து, இன்னும் இரண்டு.

பந்து கிளம்பியது. அந்த மோதல் சத்தத்தை ஊரில் இன்னும் பேசுவார்கள். திரும்பிப் பார்த்தபோது ரைசிக் ஓட்டக்காரன் மேல் கிடந்தான், சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும். மூக்கில் ரத்தம். "வலிக்குதுடா, வலிக்குது!" என்று சந்தோஷமாகக் கத்தினான்.

பருவம் முழுக்க ஆடினான். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் பந்துக்கு ஊர் எண்ணியது, வெளியூருக்கு வெர்லீன் போனார். வசந்தத்தில் அவன் பட்டம் வாங்கினான். மேடையில் அவன் பெயரைப் படித்ததும் கீழே அவன் அம்மா என்ன கத்தியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது பக்கத்து மாவட்டப் பள்ளிக்கூடத்தில் விவசாய ஆசிரியர். பிள்ளைகளுக்கு வெல்டிங்கும் விதைப்பும் சொல்லித் தருகிறான். அங்கே எல்லாருக்கும் அவனைத் தெரியும், வரிசையில் யாரும் அவனைத் தாண்டிப் போவதில்லை. ஆனால் படிப்பு முடிந்த நாளிலிருந்து எங்கள் மைதானத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

போன அக்டோபரில், ஆலை வாசலில் பீட்ரூட் மலைபோல் குவிந்திருந்த இடத்தில், மாணவர்களைச் சுற்றிக் காட்டக் கூட்டி வந்தவனைப் பார்த்தேன். கொஞ்சம் தொந்தி போட்டிருக்கிறான்.

"சனிக்கிழமை வாடா. எல்லாரும் கேக்கறாங்க," என்றேன்.

"இன்னும் கத்தறாங்களா?"

"கத்தாம? முதல் பந்துக்கு ஊரே எந்திரிக்குது."

பூட்ஸ் நுனியால் ஒரு பீட்ரூட்டைத் தள்ளிவிட்டான். "நான் போனதுக்கப்புறம் நீ ஒரு வருஷம் ஆடினே இல்ல? எனக்கு அடுத்து நெல்ஸ்தானே நின்னான்?"

"ஆமா."

"நெல்ஸ் தட்டுவானா?"

நெல்ஸ் யாரையும் தொட மாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். என் கை தானாக முதுகுப் பக்கம் போய்ச் சட்டையைச் சரிசெய்தது. அந்தக் கடைசி வருடமும் ஒவ்வொரு பந்துக்கும் நான் குனிந்ததும், அங்கே இரண்டு தட்டு விழுந்தது.

"அப்படித்தான் நினைச்சேன்," என்றான். பிள்ளைகளைப் பார்த்து, குவியலுக்குக் கிட்டப் போகாதீங்கடா என்று ஓர் அதட்டல் போட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, பழைய குறும்போடு சிரித்தான்.

"நான் வந்தா பன்னெண்டு ஆயிடும்டா. ஆள் கூடிடுச்சுன்னு தண்டனையா அஞ்சு கெஜம் பின்னால தள்ளிடுவாங்க."